அபூர்வக் கனிமங்களைக் களத்தில் இனங்காணல்: இரத்தினபுரிச் சரளையை முன்வைத்து ஓர் ஆய்வு

அபூர்வமான ஒரு கனிமத்தை, அது கிடைத்த இடத்திலேயே, சோதனைக்கூடத்தின் துணையின்றி, கண்ணாலும் கையாலும் சட்டைப்பைக்குள் அடங்கும் சில கருவிகளாலும் இன்னதென்று நிச்சயிக்க இயலுமா என்னும் கேள்வி, இரத்தினம் சேகரிப்போரையும் வியாபாரிகளையும் பூகர்ப்ப சாஸ்திரம் பயிலும் மாணவரையும் நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. அனுபவம் முதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத கல் இல்லை என்பது ஒரு சாராரின் கட்சி. எக்ஸ்-கதிரும் இரசாயனப் பகுப்பும் பேசிய பிறகே கல்லுக்குப் பெயர் உண்டு, அதற்குமுன் சொல்வதெல்லாம் ஊகம் என்பது மற்றொரு சாராரின் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழுமையானவை அல்ல. களத்தின் வேலை பெயர் சூட்டுவது அன்று, ஒவ்வாமையைக் கண்டுகொள்வதே என்பதும், அந்த வேலையைச் சோதனைக்கூடம் எந்நாளும் தானாகச் செய்துவிட முடியாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபை ஆராய இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. தோரியனைட், டாஃபைட், சிங்ஹலைட், ஏகனைட் என்னும் நான்கு கனிமங்கள் இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானத்துக்குப் புதிதாக அறிமுகமாயின. அந்நான்கும் இத்தீவின் இரத்தினச் சரளையில் கிடைப்பவை. அவற்றின் வரலாறுகளோ நம் கேள்விக்கு நான்கு வேறு விடைகளைத் தருகின்றன.

இரத்தினப் பரீக்ஷை நமக்குப் புதிய கலையும் அன்று. மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, கற்களின் ஒளியைப் போற்றுவதோடு நில்லாமல், அவற்றில் விலக்கத்தக்க குற்றங்களையும் வகைப்படுத்திக் கூறுகிறது. குணத்தைவிடக் குற்றத்தை முதலில் தேடும் அந்த மனப்பான்மையே இன்றைய கனிம ஆராய்ச்சிக்கும் அடிப்படை என்பதை மேலே காண்போம்.

நிலமும் சரளையும்

களப் பரீக்ஷையின் முதற் கருவி நிலத்தைப் பற்றிய அறிவே. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றுள் மத்திய மலைநாட்டுப் பாறைகள், புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகிப் புதிய கனிமங்களாக மறுபிறவி எடுத்தவை. மழையும் வெயிலும் அப்பாறைகளை நெடுங்காலம் சிதைத்தன. அவற்றினின்று விடுபட்ட கனிமங்களை ஓடைகள் அடித்துச் சென்றன. இலேசானவை கடல்வரை போக, கனமும் உறுதியும் உடையவை பள்ளத்தாக்குகளின் பழைய ஆற்றுப்படுகைகளில் தங்கிக் களிமண்ணால் மூடப்பட்டன. இந்தச் சரளைப் படிவையே அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் இல்லம் என்று வழங்குகின்றனர்.

குழி வெட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, எடுத்த சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவும்போது, மண்ணும் இலேசான கற்களும் விளிம்பு வழியே வெளியேற, கனமானவை கூடையின் நடுவில் ஒதுங்கி நிற்கின்றன. நீலம், ஸ்பினல், சிர்கான், வைடூரியத்தின் இனமான கிரைஸோபெரில், டூர்மலின், புஷ்பராகம், கோமேதகத்தை உள்ளிட்ட கார்னெட் வகைகள் ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்கலாம்; இவற்றோடு இல்மனைட் முதலிய கருமணல்களும் கலந்திருக்கும். அபூர்வமானது கிடைக்குமாயின் இக்கூட்டத்தின் நடுவேதான் கிடைக்க வேண்டும். ஆகவே அபூர்வத்தைத் தேடுவோன் முதலில் சாதாரணத்தை ஐயந்திரிபறக் கற்றிருத்தல் வேண்டும். நூறு ஸ்பினல்களைக் கையாண்டு பழகாதவனுக்கு, ஸ்பினல் போலிருந்து ஸ்பினல் அல்லாத ஒன்று வந்து சேர்ந்தாலும் தெரியப்போவதில்லை.

இன்னொரு சிரமமும் உண்டு. நூல்களில் கனிமங்களை அடையாளம் காட்டும் படிக வடிவம், நீரில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. தாய்ப்பாறைக்கு அருகில் கிடைக்கும் ஸ்பினலின் எண்முகமும் சிர்கானின் பட்டகமும் ஓரளவு எஞ்சுவதுண்டு. மற்றவை பனி படர்ந்தாற்போல் மங்கிய மேனியுடன், ஒன்றுக்கொன்று வேற்றுமை தோன்றாத உருண்டைகளாகவே கைக்கு வருகின்றன.

கண்ணும் அதன் எல்லையும்

கல்லை நனைத்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்யும் முதற் பரீக்ஷை. மங்கிய மேற்பரப்பை நீர் தற்காலிகமாகத் தெளிவாக்குவதால், உள்நிறமும் விரிசல்களும் புலப்படுகின்றன. ஆயினும், முதலில் கண்ணில் படும் நிறமே சாட்சிகளுள் மிகவும் நம்பத்தகாதது. வெளிறிய ஊதா நிறம் ஸ்பினலுக்கும் உண்டு, நீலக்கல்லின் இனத்துக்கும் உண்டு, டாஃபைட்டுக்கும் உண்டு. தேன் கலந்த பழுப்பு, சிர்கான், டூர்மலின், கிரைஸோபெரில், கோமேதகம், சிங்ஹலைட் ஆகிய அனைத்துக்கும் பொது. கரும்பச்சையோ சிர்கானிலும் டூர்மலினிலும் ஏகனைட்டிலும், ஏன், உடைந்த பாட்டில் கண்ணாடியிலுங்கூட ஒரே விதமாகக் காணப்படும். மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்கான்கள் மாத்தறை வைரம் என்ற பெயரோடு உலகச் சந்தையில் உலாவியது, ஒளியை மட்டும் கண்டு மயங்கும் கண்ணுக்கு நேர்ந்த பழைய ஏமாற்றம்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை, கண்ணின் எல்லையைச் சற்று விரிக்கிறது. உடைந்த பரப்பு சங்கு போல் வளைந்திருக்கிறதா, தளமாகப் பிளந்திருக்கிறதா, உள்ளே கண்ணாடிக்கே உரிய காற்றுக் குமிழிகள் உண்டா, ஊசி போன்ற படிகங்கள் உண்டா என்பவற்றை அதனால் அறியலாம். இவை கூட்டத்தைக் குறைக்க உதவுமேயன்றி ஒன்றைச் சுட்டிக் காட்டா.

கடினத்தன்மைச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படி அளவை, பாறைகளைக் கற்கும் மாணவனுக்கு மிகவும் பயன்படுவது. ஆனால் இரத்தினத் தரமுள்ள கல்லில் கீறிப் பார்ப்பது கல்லுக்கும் கேடு, ஆராய்ச்சிக்கும் பயனற்றது. ஸ்பினலின் கடினம் 8, டாஃபைட்டின் கடினம் 8 முதல் 8.5 வரை என்றிருக்கையில், ஒரு கீறல் அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. பிளந்து போன கல்லோ மீண்டும் ஒட்டாது.

எடையின் சாட்சி

நிறம் பொய்த்தாலும் எடை பொய்ப்பதில்லை. ஒரு கல்லைக் காற்றில் ஒருமுறையும், மெல்லிய நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு மறுமுறையும் நிறுத்து, காற்றில் கண்ட எடையை நீரில் இழந்த எடையால் வகுத்தால் அதன் ஒப்படர்த்தி கிடைக்கிறது. காற்றில் 7.22 கிராம் இருந்த கூழாங்கல் நீரில் 5.22 கிராம் காட்டினால், இழந்தது 2 கிராம், ஒப்படர்த்தி 3.61. கல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் கல் உள்ளதைவிட இலேசானதாகத் தோன்றும். சிறிய மின்தராசு ஒன்றும் ஒரு குவளை நீரும் இருந்தால் குழியோரத்துக் கொட்டகையிலேயே இதைச் செய்யலாம். குவார்ட்ஸ் 2.65, டூர்மலின் சுமார் 3.06, புஷ்பராகம் என வழங்கும் டோபாஸ் சுமார் 3.5, நீலக்கல் 4.0, உருக்குலையாத சிர்கான் 4.7 எனப் படிகள் விலகி நிற்பதால், கூட்டத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு சோதனையே ஒதுக்கிவிடும்.

எடையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது தோரியனைட்டின் வரலாறு. பிற்காலத்தில் கலைத் தத்துவ அறிஞராக உலகம் போற்றிய ஆனந்த குமாரசுவாமி, ஈழத் தமிழ்ப் பெருமகனார் சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர், இளமையில் பூகர்ப்ப சாஸ்திரியாக விளங்கியவர். இலண்டனில் அத்துறையைக் கற்றுத் தேர்ந்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றிய அவர், செரண்டிபைட் என்னும் அபூர்வக் கனிமத்தைப் பிரையர் என்பாரோடு சேர்ந்து விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சப்ரகமுவப் பகுதியின் சரளையிலிருந்து கிடைத்த கரிய, கனத்த சிறு கன சதுரப் படிகங்களும் அவர் வாயிலாகவே 1904-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தன.

அப்படிகங்களைக் கருமணலிலிருந்து கையே பிரித்துவிடும். அரை சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கன சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அது 4.7 ஒப்படர்த்தியுள்ள இல்மனைட்டாயின் சுமார் 0.6 கிராம் எடையிருக்கும். ஒப்படர்த்தி 9-ஐத் தாண்டும் தோரியனைட்டாயின் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் இரட்டைப் படிகங்களும் அடிக்கடி காணப்படுவதால், வடிவமும் எடையும் சேர்ந்து ஐயத்தை நன்கு கிளப்புகின்றன. ஆயினும் குமாரசுவாமி அதனை முதலில் யுரேனினைட் என்றே விவரித்தார். கருமை, கன சதுர வடிவம், பெருங்கனம் ஆகிய யாவும் யுரேனினைட்டுக்கும் உரியவை. அன்றியும் இவ்விரு கனிமங்களும் தோரியமும் யுரேனியமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை ஆதலின், களத்தில் நின்று பார்ப்போனுக்கு அதைவிட நேர்மையான பெயர் கிடைத்திருக்க முடியாது. தோரியமே அதில் மிகுதி என்றும், ஆகவே அது புதிய இனம் என்றும் பகுப்பாய்வினால் நிறுவியவர் இரசாயன அறிஞர் வின்தம் டன்ஸ்டன். அடுத்த ஆண்டே, இலண்டனில் இராம்சேயின் சோதனைக்கூடத்தில் ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கண்டறிவதற்கு இலங்கையின் இந்தக் கனிமமே மூலப்பொருளாயிற்று. களம் இனத்தைத் தவறவிட்டது. ஆனால் பொருளைத் தவறவிடவில்லை. இந்த வேற்றுமை முக்கியமானது.

ஒளியின் சாட்சி

எடை ஒன்றுபட்டுப் போகும் இடத்தில் ஒளியை நாட வேண்டும். மேலே கண்ட 3.61 என்னும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அது டாஃபைட்டுக்குப் பொருந்தும், ஆனால் 3.60 உடைய ஸ்பினலுக்கும் அநேகமாகப் பொருந்தும். நிறமும் ஒன்றே, கடினமும் ஏறத்தாழ ஒன்றே, ஒளிவிலகல் எண்ணுங்கூட ஸ்பினலுக்கு 1.718, டாஃபைட்டுக்கு 1.717 முதல் 1.724 வரை. இவ்வளவு ஒற்றுமைகளுக்கிடையே ஒரே ஒரு பேதம்: ஸ்பினல் ஒளிக்கதிரைப் பிரிக்காது, டாஃபைட் அதை மிகச் சிறிதளவு இரண்டாகப் பிரிக்கும்.

அந்த ஒரு பேதமே ஒரு கனிமத்தை உலகுக்கு அளித்தது. 1945-இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃப் என்னும் இரத்தின நிபுணர், நகைக்கடையிலிருந்து வாங்கிய பழைய கற்களைத் தரம்பிரிக்கையில், ஸ்பினல் என்று தோன்றிய 1.419 காரட் எடையுள்ள வெளிறிய ஊதாக் கல்லொன்றில், உள்ளிருந்த சிறு புள்ளிகள் இரட்டையாகத் தெரிவதைக் கண்டார். ஸ்பினலில் அப்படித் தெரியலாகாது. அவர் அதை இலண்டனிலிருந்த இரத்தினப் பரிசோதகர் பி. டபிள்யூ. ஆண்டர்சனுக்கு அனுப்பினார். அங்கே நடந்த ஆய்வுகளின் பயனாக, பெரிலியமும் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்ஸைடு ஒன்று புதிய இனமாக 1951-இல் அறிவிக்கப்பெற்றது. பட்டை தீட்டிய கல்லிலிருந்தே ஒரு புதிய கனிமம் அடையாளங் காணப்பட்டது அதுவே முதல் முறை. பின்னர் அவ்வினத்தின் கற்கள் இலங்கைச் சரளையில் கிடைப்பது தெரியவந்தது.

டாஃப் கண்டதைத் தேய்ந்த கூழாங்கல்லில் காண்பது கடினம். களத்தில் அதற்கு மாற்றாக இரண்டு போலராய்டுத் தகடுகள் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சம் முற்றும் மறையும்வரை மேல் தகட்டைத் திருப்பி, இடையே சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயிட்டு அதில் கல்லை அமிழ்த்தவேண்டும். எண்ணெய் கல்லின் மங்கலை மறைக்கும். இப்போது கல்லை ஒரு முழு வட்டம் சுழற்றினால், ஸ்பினல் தொடர்ந்து இருண்டே இருக்கும். இரட்டை ஒளிவிலகல் உள்ள கல் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும். இங்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இரட்டை விலகல் உடைய கல்லும் அதன் ஒளியச்சின் திசையில் பார்த்தால் இருண்டே தோன்றுமாதலால், கல்லை மூன்று வேறு நிலைகளிலாவது வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளழுத்தத்தால் சில ஸ்பினல்கள் அலையலையாக மங்கிய வெளிச்சம் காட்டுவதுண்டு. அதை நான்கு தெளிவான மாற்றங்களோடு குழப்பலாகாது.

சிங்ஹலைட்டின் கதையோ இதற்கு நேர்மாறானது. டாஃபைட்டை ஒரு மனிதரின் ஐயம் வெளிப்படுத்தியது. சிங்ஹலைட்டைப் பலருடைய திருப்தி நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தது. இலங்கையின் பழுப்பு நிறக் கற்கள் சில, இரும்பு மிகுந்த பெரிடாட் என்ற பெயரோடு சேகரங்களிலும் அரும்பொருட்சாலைகளிலும் இடம்பெற்றிருந்தன. பெரிடாட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.34, இக்கற்களுக்கோ 3.48. அந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது; இரும்பு மிகுதியால் கனமும் மிகுந்தது என்று அதற்குச் சமாதானமும் சொல்லப்பட்டது. 1952-இல் கிளாரிங்புல், ஹே ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, அதில் சிலிக்காவே இல்லை என்றும், அது மக்னீசியமும் அலுமினியமும் போரானும் சேர்ந்த தனியினம் என்றும் காட்டியது.

இன்று அவ்விரண்டையும் களத்திலேயே பிரிக்க வழியுண்டு. 3.32 அடர்த்தியுள்ள மெதிலின் அயோடைடு திரவத்தில் பெரிடாட் தயங்கித் தயங்கி இறங்கும். சிங்ஹலைட் விரைந்து மூழ்கும். விரல் நீளமுள்ள நிறமாலைக் கருவியில் பார்த்தால், பெரிடாட் நீலப் பகுதியில் மூன்று கரும்பட்டைகளைக் காட்ட, சிங்ஹலைட் 463 நானோமீட்டர் அருகே கூடுதலாக ஒன்றைக் காட்டும். தெரிந்த இனமாகிவிட்ட பிறகு பரீக்ஷை எளிது. தெரியாதிருந்த காலத்தில், பொருந்தாத ஓர் எண்ணைச் சமாதானம் சொல்லி மூடாதிருப்பதே அரிதாயிருந்தது.

கதிரியக்கத்தின் சாட்சி

நான்காவதான ஏகனைட், கண்ணாடி போலத் தோன்றும் கரும்பச்சைக் கல். எஃப். எல். டி. ஏகநாயக்க 1953-இல் இரத்தினபுரி மாவட்டத்து எஹெலியகொடப் பகுதியில் இதைக் கண்டெடுத்தார். 1961-இல் இது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. கால்சியமும் தோரியமும் சேர்ந்த இந்தச் சிலிக்கேட்டில், தோரியத்தின் கதிர்வீச்சு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் படிக அமைப்பை உள்ளிருந்தே சிதைத்துவிட்டமையால், போலராய்டுத் தகடுகளுக்கிடையே அது இருண்டே நிற்கிறது. படிகமாகப் பிறந்து கண்ணாடியாக மாறிய பொருளிடம் படிகத்தின் இலக்கணங்களை எதிர்பார்க்க முடியாது.

எனினும் ஒப்படர்த்தி இங்கே கைகொடுக்கிறது. அத்தகைய கதிர்வீச்சினால் சீர்கெட்ட பச்சைச் சிர்கான் சுமார் 4, ஏகனைட் 3.28-ஐ ஒட்டியது, சாதாரணப் பாட்டில் கண்ணாடி 2.5-ஐ ஒட்டியது. மெதிலின் அயோடைடில் ஏகனைட் மிதக்கும், சிர்கான் கல்லாக அமிழும். அத்துடன் கைக்கடக்கமான கதிரியக்க எண்ணி ஒன்றை அருகில் கொண்டுசென்றால், சிர்கானுக்கு அது இலேசாகவே குரல் கொடுக்கும். எடையில் கால் பங்குக்கும் மேல் தோரிய ஆக்ஸைடு கொண்ட ஏகனைட்டுக்கோ ஐயத்துக்கு இடமின்றி ஒலிக்கும். கரும்பச்சை, ஒற்றை ஒளிவிலகல், 3.28, மிகுந்த கதிரியக்கம் என்னும் நான்கும் ஒரு கல்லில் கூடினால், களத்தில் நின்றே ஏறக்குறைய நிச்சயமாகப் பெயர் சொல்லத்தக்க அபூர்வக் கனிமம் இது. இதையும் தோரியனைட்டையும் சட்டைப்பையில் வைத்துத் திரிவதும், படுக்கையறை அலமாரியில் பூட்டி வைப்பதும் தகாது; காற்றோட்டமுள்ள தனியிடமே அவற்றுக்கு உரியது.

எல்லையும் கடமையும்

இவ்வளவும் கூடியும் எட்டாத எல்லை ஒன்று இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரிலிருந்து 1967-இல் அறிவிக்கப்பட்ட மஸ்கிரேவைட், டாஃபைட்டின் மிக நெருங்கிய உறவு. எடையும் ஒளிவிலகலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அவ்விரண்டையும் பிரிக்க, இராமன் நிறமாலை ஆய்வோ எக்ஸ்-கதிர் ஆய்வோ வேண்டும். போலராய்டுத் தகட்டில் நான்கு முறை ஒளிர்ந்த கல்லை இது டாஃபைட் என்று குழியோரத்தில் அடித்துச் சொல்பவர் தம் கருவிக்கு அப்பாற்பட்டதைப் பேசுகிறார். இது ஸ்பினல் அன்று, டாஃபைட் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று எழுதி வைப்பவரே உண்மையைச் சொல்கிறார்.

ஆகவே இனங்காணலை மூன்று நிலைகளாகப் பகுத்துக்கொள்ளலாம். இது இன்னதன்று என விலக்குவது முதல் நிலை. இது இன்னதாயிருத்தல் கூடும் என ஊகிப்பது இரண்டாம் நிலை. இது இன்னதே என நிச்சயிப்பது மூன்றாம் நிலை. முதல் இரண்டும் களத்துக்கு உரியவை, மூன்றாவது பெரும்பாலும் சோதனைக்கூடத்துக்கு உரியது. இவற்றுள் மூன்றாவதற்கே பெருமை சேர்கிறது என்றாலும், முதல் நிலையைக் கடக்காத கல் மூன்றாம் நிலைக்குப் போவதே இல்லை. ஸ்பினல் என்று எழுதிய பொட்டலத்தில் கிடக்கும் டாஃபைட்டை எந்த எக்ஸ்-கதிர்க் கருவியும் தேடி வராது.

சோதனைக்கூடத்தால் ஒருபோதும் தர முடியாத மற்றொன்றும் களத்தின் கையிலேயே இருக்கிறது. அதுதான் கல்லின் பிறப்பிடம். எந்த ஊர், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்தவை எவை என்பதை அன்றே எழுதிக் கல்லோடு சேர்த்து வைக்காவிடில், பின்னர் எவ்வளவு நுட்பமான கருவியாலும் அதை முழுமையாக மீட்க இயலாது. டாஃப் கண்ட முதற்கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அது தானே சொல்லவில்லை என்பதை நினைவிற் கொண்டால், ஒரு சிறு காகிதத் துண்டின் மதிப்பு விளங்கும். இலங்கையில் குழி தோண்டவும் கல்லை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அரசின் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தை மதித்தே சேகரிப்பவரின் குறிப்புகள்தாம் சாஸ்திரத்துக்கும் பயன்படும்.

இந்த ஒழுங்கு ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் காங்கேயம், கரூர் வட்டாரங்களிலும் இரத்தினக் கற்கள் கிடைக்கின்றன. பழனி மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிப் பாறைகளில் உள்ள சஃபைரின் என்னும் அபூர்வக் கனிமத்தை உலகெங்குமுள்ள பூகர்ப்ப சாஸ்திரிகள் அறிவர். ஒரே விதமான ஆழத்து வெப்பத்தால் பதம் பெற்ற பாறைகள் கடலின் இருகரையிலும் இருக்க, தராசும் போலராய்டுத் தகடும் கைவில்லையும் நம் கல்லூரி மாணவர் கையில் அலங்காரப் பொருள்களாக அன்றி அன்றாடக் கருவிகளாக விளங்க வேண்டும். பொருந்தாத எண்ணொன்று தராசில் தோன்றும்போது அதைப் பிழையென்று ஒதுக்காமலும், எளிய சமாதானத்தால் மூடாமலும், மறுபடி நிறுத்துப் பார்த்து, அப்போதும் அதுவே வருமாயின் அதை அப்படியே எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவருக்கு ஊட்டுவதே, அபூர்வக் கனிமங்களைக் கண்டறிய நாம் செய்யக்கூடிய ஏற்பாடுகளுள் தலையாயது.